கழிச்சல் கண்ட கன்றுக்குப் பாலை நிறுத்தலாமா?

கன்று பிறந்து ஒரு வாரமோ பத்து நாளோ ஆகியிருக்கும். நேற்று வரை துள்ளித் திரிந்த கன்று இன்று காலையில் எழுந்து வரவில்லை. வாலிலும் பின்னந்தொடையிலும் மஞ்சளும் வெள்ளையுமாகச் சாணம் அப்பியிருக்கிறது. கொட்டிலில் புளித்த நாற்றம் அடிக்கிறது. வீட்டிலுள்ள பெரியவர்கள் உடனே சொல்வது ஒன்றுதான்: "பாலைக் காட்டாதே, வயிறு காயட்டும்." லங்கணம் பரம ஒளஷதம் என்பது நமக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய வைத்தியம் அல்லவா?

இந்த யோசனையைக் கிராமத்துப் பெரியவர்கள் மட்டும் சொல்லவில்லை. படித்துப் பட்டம் பெற்ற நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். கன்று கழிந்தால் ஒன்று அல்லது இரண்டு நாள் பாலை அறவே நிறுத்தி, உப்புக் கரைசல் மட்டும் கொடுக்க வேண்டும் என்றுதான் அன்றைய பாடநூல்களில் இருந்தது. 1998இல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் நடந்த பயிற்சிக் கூட்டத்தில் நானே கரும்பலகையில் எழுதிக் காட்டி இதைச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து அதே ஊருக்குப் போனபோது, கடன் வாங்கி முதன்முதலாக ஒரு கலப்பினப் பசு வாங்கியிருந்த பெண்மணி என்னிடம் வந்தார். "ஏனுங்க சார், நீங்க சொன்னாப்பலயே ரெண்டு நாளாப் பாலே காட்டலீங்க. மூணாம் நாள் போயிருச்சுங்க" என்றார். அது கிடாரிக் கன்று. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்கத்தான் வந்திருந்தார். அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. இன்று இருக்கிறது. அதை விளக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடலுக்குள் ஒரு நாற்றங்கால்

நாம் குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்ளும் தேங்காய்ப்பூத் துவாலையைப் பார்த்திருப்பீர்கள். சாதாரணத் துண்டைவிட அது அதிகத் தண்ணீரை உறிஞ்சுவதற்குக் காரணம், அதன் மேல் நெருக்கமாக எழுந்து நிற்கும் நூல் வளையங்களே. கன்றின் சிறுகுடல் உட்புறமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரமுள்ள விரல் போன்ற நீட்சிகள் அங்கே லட்சக்கணக்கில் நிற்கின்றன. இவற்றைக் குடலுறிஞ்சிகள் என்கிறோம். செரித்த பாலின் சத்தெல்லாம் இவற்றின் வழியாகத்தான் இரத்தத்தில் சேர வேண்டும். இவற்றைப் போர்த்தியிருக்கும் தோல் ஒரே ஒரு செல் கனமுடையது. கிருமி நிறைந்த குடலுக்கும் கன்றின் இரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் வேலி அவ்வளவு மெல்லியது.

இந்த மெல்லிய வேலி எப்படி நிலைத்து நிற்கிறது? அது நிலைத்து நிற்பதில்லை, நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது என்பதுதான் விடை. குடலுறிஞ்சிகளின் அடியில் சிறுசிறு பள்ளங்கள் உள்ளன. அவற்றை நாற்றங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கின்றன. புதிதாகப் பிறந்த செல் மெல்ல மேலே ஏறி, வழியிலேயே முற்றி, பாலைச் செரிக்கும் திறன் பெற்று, நுனியை அடைந்ததும் உதிர்ந்துவிடுகிறது. மனிதருடைய குடலில் இப்பயணம் 3 முதல் 5 நாட்களில் முடிந்துவிடும். பிறந்த கன்றுக்குச் சற்றுக் கூடுதலாகலாம், என்றாலும் நாட்கணக்குத்தான்.

ரோட்டா வைரஸ் தாக்கும்போது குடலுறிஞ்சிகளின் நுனிப் பகுதியில் உள்ள முற்றிய செல்களே அழிகின்றன. விரல் போல நின்றவை கட்டையாகிவிடுகின்றன. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்த நுனிச் செல்களில்தான் இருக்கிறது. எனவே செரிக்காத சர்க்கரை குடலில் தங்கி, தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. பெரியவர்கள் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. பாலின் ஒரு பகுதி வீணாகத்தான் போகிறது. ஆனால் நட்ட பயிர் அழிந்தாலும் நாற்றங்கால் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது என்பதை அவர்கள் அறிய வாய்ப்பில்லை. நாற்று இருந்தால் வயலை மீண்டும் நட்டுவிடலாம்.

(பிறந்த முதல் மூன்று நான்கு நாட்களில் வரும் வெள்ளைக் கழிச்சல் வேறு வகை. அது ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் நஞ்சால் வருவது. குடல் சுவர் அவ்வளவாகச் சிதைவதில்லை. ஆனால் தண்ணீர் குழாயைத் திறந்துவிட்டது போல வெளியேறி, ஒரே நாளில் கன்று மடிந்துவிடலாம்.)

காரணி உரமல்ல, சேதி

நாற்றங்கால் இருந்தால் மட்டும் போதுமா? இன்ன இடத்தில் பயிர் அழிந்துவிட்டது, விரைவாக நாற்றுப் பறித்து அனுப்பு என்று யாராவது சேதி சொல்ல வேண்டும். உடலில் அந்தச் சேதியைக் கொண்டு செல்லும் நுண்ணிய புரதங்களையே வளர்ச்சிக் காரணிகள் என்று அழைக்கிறோம். இவை உணவல்ல, உரமல்ல, டானிக்கும் அல்ல. மிகச் சிறிய அளவில் செல்லின் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டு, 'பெருகு', 'நகர்ந்து போ', 'மூடு' என்று கட்டளை இடுவது மட்டுமே இவற்றின் வேலை.

இவை கண்டறியப்பட்ட விதம் சுவையானது. அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன் என்ற விஞ்ஞானி, எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார். இரண்டு வாரம் கழித்துக் கண் திறக்க வேண்டிய குஞ்சுகள் ஒரு வாரத்திலேயே கண் திறந்தன. தோல் செல்களை விரைந்து வளரச் செய்யும் ஏதோ ஒன்று அந்தச் சாற்றில் இருக்கிறது என்று உணர்ந்த அவர், அதைத் தனியே பிரித்து 1962இல் வெளியிட்டார். இ.ஜி.எஃப். என்று சுருக்கமாக வழங்கப்படும் இக்காரணிக்காகவும், இதற்கு முன் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்ததற்காகவும் அவருக்கும் ரீட்டா லெவி-மோண்டால்சினி அம்மையாருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே இ.ஜி.எஃப். உமிழ்நீரோடு வயிற்றுக்குள் இறங்கி அங்குள்ள புண்ணையும் ஆற்ற உதவுகிறது என்பது பின்னர் தெரியவந்தது.

குடல் சுவரில் காயம் பட்டவுடன் இரண்டு கட்டமாகப் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது. முதலில் காயத்தின் ஓரத்தில் உள்ள செல்கள் தட்டையாகி, ஊர்ந்து வந்து திறந்த இடத்தை மூடிக்கொள்கின்றன. வாய்க்கால் கரை உடைந்தால் நாம் அவசரத்துக்கு மண்மூட்டை போடுவதைப் போன்றது இது. சில மணி நேரத்தில் நடந்துவிடும். பிறகுதான் நாற்றங்காலில் செல்கள் பெருகி மேலேறி, குடலுறிஞ்சிகள் பழைய உயரத்துக்கு வளரும். இதற்குப் பல நாட்கள் ஆகும். இரண்டு கட்டத்துக்குமே இ.ஜி.எஃப்., டி.ஜி.எஃப்.-பீட்டா, இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி எனப்படும் ஐ.ஜி.எஃப்.-1 முதலியவை தேவைப்படுகின்றன.

இனி விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய செய்திக்கு வருகிறேன். இக்காரணிகள் கன்றுக்கு எங்கிருந்து கிடைக்கின்றன? ஒரு பகுதி தாயின் சீம்பாலிலிருந்து கிடைக்கிறது. மறுபகுதியைக் கன்றின் உடலே தயாரிக்கிறது. ஆனால் குடலில் உணவு இறங்கினால்தான் அந்தத் தயாரிப்பு சரிவர நடக்கும். எடுத்துக்காட்டாக, ஜி.எல்.பி.-2 என்ற சுரப்பு குடல் வளர்ச்சியைத் தூண்டுகிறது என்பதைக் கனடா நாட்டு விஞ்ஞானி டேனியல் டிரக்கரும் அவருடைய குழுவினரும் 1996இல் எடுத்துக்காட்டினர். குடலுக்குள் சத்து வந்து சேருவதுதான் இச்சுரப்பு வெளிவருவதற்கான முதல் தூண்டுதல். அது மட்டுமல்ல, குடல் செல்கள் தமக்கு வேண்டிய உணவின் ஒரு பகுதியை இரத்தத்திலிருந்து பெறாமல், தம்மைக் கடந்து செல்லும் பாலிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கின்றன. பட்டினி கிடக்கும் கன்றின் குடலுறிஞ்சிகள் நோய் இல்லாமலேயே குட்டையாகிவிடும்.

ஆகவே, பாலை நிறுத்தினால் என்ன நடக்கிறது? சாணம் குறைவது உண்மை. உள்ளே போவது குறைந்தால் வெளியே வருவதும் குறையும். அதைப் பார்த்து நோய் தணிகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உள்ளே நாற்றங்காலுக்குச் சேதியும் போகவில்லை, சத்தும் போகவில்லை. கன்று தன் உடலில் இருக்கும் சொற்பக் கொழுப்பையும் கரைத்துவிட்டு, மூன்றாம் நாள் எழ முடியாமல் படுக்கிறது. கழியும் கன்றுகளுக்குத் தொடர்ந்து பால் கொடுத்தும், நிறுத்தியும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், பால் கொடுத்ததால் கழிச்சல் நீடிக்கவில்லை என்பதும், பால் குடித்த கன்றுகள் எடை குறையாமல் தேறின என்பதும் தெரியவந்துள்ளன.

சீம்பாலில் இருப்பது எதிர்ப்புச் சக்தி மட்டுமல்ல

சீம்பால் கொடுக்க வேண்டும் என்று வானொலியிலும் கூட்டங்களிலும் கேட்டுக் கேட்டு உங்களுக்குச் சலித்திருக்கும். பசுவின் கருப்பையில் தாயின் நோய் எதிர்ப்புப் புரதம் கன்றுக்குக் கடந்து வருவதில்லை. எனவே சீம்பால் குடிக்காத கன்று நிராயுதபாணி என்று நாங்கள் சொல்வதுண்டு. அது முற்றிலும் சரி. அந்தப் புரதத்தை உட்கொள்ளும் குடலின் வாசல் பிறந்த சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கி, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும்.

ஆனால் நாங்கள் போதுமான அளவு சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. சீம்பாலில் ஐ.ஜி.எஃப்.-1, டி.ஜி.எஃப்.-பீட்டா, இன்சுலின் ஆகியவை சாதாரணப் பாலில் இருப்பதைவிடப் பல மடங்கு உள்ளன. பிறந்த கன்றின் வயிற்றில் அமிலம் குறைவாக இருப்பதாலும், இப்புரதங்களைச் செரிமான நொதியிலிருந்து காக்கும் பொருள் சீம்பாலிலேயே இருப்பதாலும் இவை பெருமளவு சிதையாமல் குடலைச் சென்றடைகின்றன. இவற்றில் மிகச் சிறிய பகுதியே இரத்தத்தில் கலக்கிறது. எஞ்சியவை குடல் சுவரிலேயே வேலை செய்கின்றன. சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ப்ளூம், ஹாமோன் ஆகியோர் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளில், சீம்பால் குடித்த கன்றுகளின் குடல் வளர்ச்சியும் சத்தை உறிஞ்சும் திறனும் மேம்பட்டிருப்பதைக் கண்டனர்.

எதிர்ப்புப் புரதத்துக்கான வாசல் ஒரே நாளில் அடைபட்டாலும், வளர்ச்சிக் காரணிகளுக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கறக்கும் பாலில் இவற்றின் அளவு வேகமாகக் குறைந்துகொண்டே வந்தாலும், சாதாரணப் பாலைவிட அதிகமாகவே இருக்கும். முதல் வேளைக்குப் பிறகும் மூன்று நாட்கள் வரை சீம்பாலோ, சீம்பால் கலந்த பாலோ தொடர்ந்து குடித்த கன்றுகளுக்குக் குடலுறிஞ்சிகள் நீளமாக வளர்ந்திருந்ததைக் கனடாவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. முதல் மூன்று நாள் பாலைச் சொசைட்டியில் ஊற்ற முடியாது, காய்ச்சினால் திரிந்துவிடும். விற்க முடியாத அந்தப் பாலை வேறெதற்கும் செலவிடாமல் கன்றுக்கே விட்டுவிடுவதில் உங்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

நம் ஊர்களில் இளங்கொடி விழும் வரை கன்றை மடியில் விடக்கூடாது என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. ஆனால் அது விழ எட்டு மணி நேரமும் ஆகலாம், பன்னிரண்டு மணி நேரமும் ஆகலாம். அதுவரை கன்றைக் காக்க வைப்பது பெருந்தவறு. உண்மையில் கன்று முட்டிக் குடிக்கும்போது கருப்பை சுருங்குவதால் இளங்கொடி விழுவதற்கு அதுவே துணை செய்யும்.

அடுத்தது சீம்பால் பலகாரம். கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்த சீம்பாலுக்கு நானும் அடிமைதான். அதை மறைத்து என்ன பயன்? அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவதும் நல்ல வழக்கமே. கன்றின் பங்கு போனபின் மிஞ்சுவதில் அதைச் செய்யுங்கள். 25 கிலோ எடையுள்ள கலப்பினக் கன்றுக்கு, பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு முதல் இரண்டரை லிட்டர் வரையிலும், 12 மணி நேரத்துக்குள் மேலும் ஒரு லிட்டருக்குக் குறையாமலும் உள்ளே போக வேண்டும். காங்கேயம் போன்ற நாட்டு மாட்டின் கன்று சிறியது. அதன் எடைக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். கன்றுக்கு உரிய சீம்பாலைக் கொதிக்க வைக்கவே கூடாது.

கழிச்சல் கண்டால் செய்ய வேண்டியவை

கன்று கழியத் தொடங்கியவுடன் மற்றக் கன்றுகளிடமிருந்து அதைப் பிரித்து, காய்ந்த வைக்கோல் பரப்பிய இடத்தில் கட்டுங்கள். முதல் தேவை தண்ணீரும் உப்பும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, வெதுவெதுப்பாக ஒரு வேளைக்கு ஒரு லிட்டர் வீதம் நாளைக்கு மூன்று வேளை கொடுக்கலாம். கன்றுகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட உப்புக் கலவை கால்நடை மருந்துக் கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது. குளுக்கோஸ் உப்பைக் கைப்பிடித்துக் குடல் செல்லுக்குள் அழைத்துச் செல்கிறது, அவற்றைப் பின்தொடர்ந்து தண்ணீரும் போகிறது. அடிபட்ட குடலிலும் இந்த வாசல் ஓரளவு திறந்தே இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டில் சர்க்கரையும் உப்பும் கரைத்துக் கொடுக்கிறோம். கன்றுக்கு அது உதவாது. கரும்புச் சர்க்கரையைப் பிரிக்கும் நொதி கன்றின் குடலில் கிடையாது. சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதைக் கரைத்துக் கொடுத்தாலும் அது செரிக்காமல் கழிச்சலை இன்னும் அதிகமாக்கும். இளங்கன்றுக்கு அரிசிக் கஞ்சியும் அதே போலத்தான். குளுக்கோஸ் சேர்ந்த கலவையே வேண்டும்; ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் இருப்பது குளுக்கோஸ்தான்.

பாலை நிறுத்த வேண்டாம். வழக்கமான நாளளவை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தாயிடம் ஊட்டுவதானால் ஒரே தடவையாக வயிறு முட்ட விடாமல், சிறிது சிறிதாகப் பலமுறை விடலாம். பாலில் தண்ணீர் கலக்காதீர்கள். உப்புக் கரைசலையும் பாலில் கலக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும். கரைசலில் உள்ள சில உப்புகள் பால் வயிற்றில் உறைவதைத் தடுத்துவிடும்.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள், நோயற்ற, மடிவீக்கம் இல்லாத பசுவிடம் மிஞ்சும் முதல் கறவைச் சீம்பாலை ஒரு லிட்டர் புட்டிகளில் ஊற்றி, உறைநிலை அறையில் மாதக்கணக்கில் சேமித்து வைக்கலாம். வேண்டும்போது வெந்நீரில் அல்ல, கை பொறுக்கும் சூடுள்ள நீரில் புட்டியை வைத்து உருக்க வேண்டும். கழியும் கன்றுகளுக்குச் சில நாட்கள் பாலோடு சீம்பால் சேர்த்துக் கொடுத்ததில் கழிச்சல் விரைவில் நின்றதாகவும், எடை கூடுதலாக ஏறியதாகவும் கனடாவில் 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறுகிறது. அங்கே சீம்பால் தூளைப் பயன்படுத்தினார்கள். நமக்கு வீட்டுச் சீம்பாலே இருக்கிறது. வளர்ச்சிக்கென்று வண்ண வண்ணப் புட்டிகளில் வரும் மருந்துகளைத் தேடி ஓட வேண்டிய தேவை இல்லை.

மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் புகட்டும் வழக்கம் பெருகிவருகிறது. வைரஸால் வரும் கழிச்சலுக்கு அது பயன் தராது. நியோமைசின், டெட்ராசைக்ளின் போன்றவற்றை வாய்வழியாகத் தொடர்ந்து கொடுத்தபோது குடலுறிஞ்சிகளே தேய்ந்து, சத்தை உறிஞ்சும் திறன் குறைந்ததும் கன்றுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. காய்ச்சல் இருந்தாலோ, சாணத்தில் இரத்தம் கலந்து வந்தாலோ எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கன்றின் கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். மடிப்பு உடனே மறையாமல் இரண்டு விநாடிக்கு மேல் நின்றால் உடலில் தண்ணீர் வற்றுகிறது என்று பொருள். கண் குழி விழுந்து, வாய்க்குள் விரலை விட்டால் சில்லென்று இருந்து, விரலைச் சப்பவும் கன்று மறுத்தால் இனி வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. அந்நிலையில் மூங்கில் குழாயில் எதையும் புகட்டாதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டும். உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

மூன்று நான்கு நாட்களில் சாணம் இறுகிவிட்டால் பலரும் அன்றே பழைய முறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். சாணம் இறுகுவது கரையில் மண்மூட்டை விழுந்ததற்கு அடையாளம். நடவு இன்னும் முடியவில்லை. மேலும் ஒரு வாரமாவது பாலைப் பிரித்துப் பிரித்தே கொடுங்கள். தவிடும் பிண்ணாக்கும் அதன்பிறகு கைப்பிடி அளவில் தொடங்கினால் போதும்.